அகமெம்னானா, ஹெக்டரா, ஒடிசியஸா? யாருடைய படையில் சேருவீர்கள்?

#1 மூன்றாம்பெஞ்ச்

டிராய் நகரத்தைக் கிரேக்கர்கள் முற்றுகையிட்ட கதையான ஹோமரின் இலியட்டை ஒருவழியாக முடித்துவிட்டேன். ஒடிசியஸ் அந்தப் போரிலிருந்து வீடு திரும்பும் கதையான ஒடிசி பாதியில் நிற்கிறது. படிக்கும்போதெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்த ஒரு விஷயத்தை இங்கே போடுகிறேன், விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள்.

வீரத்துக்கு இந்தக் காவியத்தில் பஞ்சமே இல்லை. ஆளுக்கொரு காண்டம் எடுத்துக்கொண்டு வெட்டிச் சாய்க்கிறார்கள். ஆனால் தலைமை என்று தேடினால் கண்ணில் படுவதெல்லாம் சொதப்பல்தான். முதல் காண்டத்தையே பாருங்கள். அப்போலோவின் பூசாரி, சிறைப்பட்ட தன் மகளை மீட்கப் பெரும் பொருளோடு வருகிறார். படையே ‘வாங்கிக்கொண்டு பெண்ணை அனுப்பிவிடலாம்’ என்கிறது. கிரேக்கப் படையின் தலைவன் அகமெம்னான் மட்டும் கிழவரை மிரட்டித் துரத்துகிறான். விளைவு, ஒன்பது நாள் கொள்ளைநோய். முதலில் கோவேறு கழுதைகளும் நாய்களும் சாகின்றன, அப்புறம் மனிதர்கள். பத்தாம் நாள் சபையைக் கூட்டுவது யார்? சேனைத் தலைவன் இல்லை, அக்கிலீஸ். காரணம் தெரிந்ததும் அகமெம்னான் பெண்ணை அனுப்பச் சம்மதிக்கிறான். ஆனால் அதற்கு ஈடாக, அக்கிலீஸுக்குப் படை பரிசாகக் கொடுத்த சிறைப்பெண் பிரிசெயிஸைப் பிடுங்கிக்கொள்கிறான். படையின் முதல் வீரன் கோபித்துக்கொண்டு ஒதுங்குகிறான். அதற்குப் பிறகு காண்டம் காண்டமாகச் செத்து மடிவது மற்றவர்கள்.

ஆகவே கேள்வி இதுதான். நீங்கள் டிராய்க் கடற்கரையில் ஒரு சாதாரண ஈட்டிக்காரர். இளவரசர் இல்லை, தெய்வத்துக்குப் பிறந்தவரும் இல்லை. யாருக்குக் கீழே போய் நிற்பீர்கள்? காரணம் வேண்டும். சினிமாவில் பார்த்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டு பதில் போடக் கூடாது.

#2 தாழ்வாரம்

யாரும் சொல்லத் துணியாததை நான் சொல்கிறேன்: அகமெம்னான்.

அடிக்க வராதீர்கள், கணக்கைப் பாருங்கள். 2ஆம் காண்டத்தில் கப்பல் பட்டியல் என்று ஒன்று வருகிறதே, எல்லோரும் வேகமாகப் புரட்டிவிட்டுப் போகும் பகுதி, அரசியலே அதில்தான் இருக்கிறது. அகமெம்னான் கொண்டுவந்தது 100 கப்பல். பைலோஸின் கிழட்டு அரசர் நெஸ்டர் 90. டயோமிடீஸும் இடோமெனியஸும் தலா 80. தம்பி மெனலாஸ் 60. அக்கிலீஸ் 50. ஒடிசியஸும் பெரிய அஜாக்ஸும் தலா 12. கடல் தொழில் தெரியாத அர்க்கேடியாக்காரர்களுக்கு 60 கப்பலைக் கொடுத்து அழைத்து வந்ததும் அகமெம்னான்தான்.

அதாவது அவன் நடத்துவது ஒரு கூட்டணி ஆட்சி. வந்திருக்கும் ஒவ்வொருவனும் தன் ஊரில் ராஜா. சம்பளம் என்று ஒன்று கிடையாது. கிடைப்பது கொள்ளையில் பங்கு, அந்தப் பங்கோடு வரும் மரியாதை. அப்படிப்பட்ட இடத்தில், எல்லோர் கண் முன்னாலும் தலைவன் மட்டும் தன் பங்கை இழந்து வெறுங்கையோடு நின்றால், மறுநாள் அவன் பேச்சு எடுபடுமா? அவன் செய்தது முரட்டுத்தனம், ஒத்துக்கொள்கிறேன். காரணமே இல்லாத முரட்டுத்தனம் இல்லை.

கூடாரத்துக்குள் இருந்துகொண்டு ஏவுகிற ஆளும் இல்லை அவன். 11ஆம் காண்டத்தில் முன்வரிசையில் நிற்கிறான். கையில் ஈட்டி பாய்ந்த பிறகும், காயத்தில் ரத்தம் சூடாக இருக்கும்வரை சண்டை போடுகிறான். 10ஆம் காண்டத்தில் சமவெளியில் எதிரிகளின் நெருப்பைப் பார்த்துத் தூக்கம் வராமல் தலைமுடியைப் பிடுங்கிக்கொள்கிறான். படையைப் பற்றிக் கவலையே இல்லாதவன் இப்படிச் செய்வானா?

#3 பழையபேப்பர்

தூக்கம் வராததெல்லாம் ஒரு தகுதியா தாழ்வாரம்? தூக்கத்தைக் கெடுத்த நெருப்பு யாரால் வந்தது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீங்கள் 2ஆம் காண்டத்தில் கப்பல் பட்டியலுக்குப் போனீர்கள், அதற்கு முன்னால் இருப்பதைத் தாண்டிவிட்டீர்கள். தெய்வங்களின் தலைவன் ஜீயஸ் அனுப்பிய பொய்க்கனவை நம்பி, டிராய் இப்போதே விழப்போகிறது என்று எழுகிறான் உங்கள் ஆள். சரி, படையை நேராக நடத்திப் போக வேண்டியதுதானே? இல்லை, முதலில் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். ‘ஒன்பது வருஷம் ஓடிவிட்டது, கப்பல் பலகை உளுத்துப்போயிற்று, கயிறு இற்றுவிட்டது, பெண்டாட்டி பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள், ஊருக்குக் கிளம்பலாம்’ என்று பேசுகிறான். யாரும் போகமாட்டார்கள் என்று நினைப்பு. படை புழுதி கிளம்ப ஓடியது. கப்பலுக்கு முட்டுக்கொடுத்திருந்த கட்டைகளை உருவத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் ஒடிசியஸ்தான் அகமெம்னானின் செங்கோலை வாங்கிக்கொண்டு ஓடி மறிக்கிறான். அதிலும் ஒரு விஷயம் கவனியுங்கள். ராஜாக்களிடம் நயமான பேச்சு, சாதாரண ஆளுக்கு அதே செங்கோலால் அடி.

அந்த இடத்தில்தான் தெர்சைட்டீஸ் வருகிறான். ஒரு கால் நொண்டி, கூன் விழுந்த தோள், கூம்பு மாதிரித் தலை, அதில் நாலு மயிர். ஹோமர் இவ்வளவு அசிங்கமாக வேறு யாரையும் வர்ணித்ததில்லை. ஆனால் அவன் பேசுவதைக் கேளுங்கள்: உன் கூடாரம் வெண்கலத்தாலும் பெண்களாலும் நிறைந்து கிடக்கிறது, இன்னும் என்ன வேண்டும்? நாங்கள் பிடித்துக்கொடுத்ததுதானே எல்லாம்? உன்னைவிட மேலானவன் அக்கிலீஸ், அவனையே அவமானப்படுத்திவிட்டாயே? முதல் காண்டத்தில் அக்கிலீஸ் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். அக்கிலீஸ் சொன்னபோது அதீனா தெய்வமே வானத்திலிருந்து இறங்கி வந்து, ‘உனக்கு மும்மடங்கு ஈடு கிடைக்கும்’ என்று சமாதானம் சொன்னாள். தெர்சைட்டீஸ் சொன்னபோது முதுகில் செங்கோல் இறங்கியது. ரத்தம் கட்டித் தடித்துப்போக, கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

மூன்றாம்பெஞ்ச் கேட்டது ஈட்டிக்காரனைப் பற்றி. இலியட்டில் அவனுக்கு வாய் திறக்கக் கிடைத்த இடம் இது ஒன்றுதான்.

#4 செங்காந்தள்

9ஆம் காண்டத்தை விட்டுவிட்டீர்களே பழையபேப்பர், அகமெம்னானின் மேல் உள்ள வழக்குக்கு அதுதான் முக்கியமான சாட்சி.

படை தோற்றுக்கொண்டிருக்கிறது. நெஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி சமாதானத்துக்கு இறங்கி வருகிறான். தருவதாகச் சொல்லும் பட்டியலைப் பாருங்கள்: 7 முக்காலிகள், 10 தாலந்து தங்கம், 20 கொப்பரைகள், 12 பந்தயக் குதிரைகள், லெஸ்போஸ் தீவின் 7 பெண்கள், தொடப்படாத பிரிசெயிஸ். போர் முடிந்தால் இன்னும் தங்கம், தன் மகள்களில் ஒருத்தி, கூடவே 7 ஊர்கள். இவ்வளவும் அடுக்கிவிட்டு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. ‘அவன் எனக்குப் பணியட்டும், நான் அவனைவிடப் பெரிய அரசன்’ என்று முடிக்கிறான்.

தூது போன ஒடிசியஸ் பட்டியல் முழுவதையும் அக்கிலீஸிடம் அப்படியே ஒப்பிக்கிறான், அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் விழுங்கிவிட்டு. அக்கிலீஸின் பதில் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? மனதில் ஒன்றை வைத்து வாயில் ஒன்றைச் சொல்பவனை எமலோகத்து வாசலைப் போல வெறுக்கிறேன் என்று. ஒடிசியஸுக்குச் சொன்னானோ, அகமெம்னானுக்குச் சொன்னானோ, தன் மனதில் இருப்பதை மறைக்கப்போவதில்லை என்று தன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டானோ. மூன்றுமாக எடுத்துக்கொள்ளலாம்.

அந்தச் சபையில் ‘மன்னித்துக்கொள்’ என்று யாரும் சொல்லவில்லை. பிறகு 19ஆம் காண்டத்தில் படை முன்னால் சமாதானம் பேசும்போதும் அகமெம்னான் சொல்வது, ‘குற்றம் என்னுடையதல்ல, ஜீயஸும் விதியும் இருளில் நடக்கும் பழிவாங்கும் தெய்வம் எரினிஸும் என் புத்தியைக் கெடுத்துவிட்டார்கள்’ என்றுதான்.

என் வாக்கு சார்பிடானுக்கு. லிசியாக்காரன், டிராய்க்கு உதவிக்கு வந்தவன், ஜீயஸின் மகன். 12ஆம் காண்டத்தில் கிரேக்கர் முகாமின் சுவரைத் தாக்கப் போகும்முன் தோழன் கிளாக்கஸிடம் பேசுகிறான். ஊரில் நமக்கு ஏன் முதல் இருக்கை? ஏன் நல்ல இறைச்சியும் நிறைந்த கிண்ணமும்? ஸாந்தஸ் ஆற்றங்கரையில் திராட்சையும் கோதுமையும் விளையும் அவ்வளவு பெரிய நிலத்தை ஏன் நமக்கு விட்டிருக்கிறார்கள்? சாப்பிட்டதற்கு இப்போது முன்னால் போய் நிற்க வேண்டும். நம் ஆட்கள் பார்த்து, ‘தின்பதும் குடிப்பதும் சும்மா இல்லை’ என்று சொல்ல வேண்டும். இந்தப் போரில் தப்பினால் மூப்பும் சாவும் இல்லை என்றால் நானும் முன்னால் போகமாட்டேன், உன்னையும் போகச் சொல்லமாட்டேன் என்று சேர்த்துக்கொள்கிறான்.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று இந்தக் காவியத்தில் இவ்வளவு பளிச்சென்று சொன்னவன் இவன்தான். தெய்வத்தின் பெயரை இழுக்கவில்லை, வம்சப் பெருமை பேசவில்லை. ஊரார் போடும் சோற்றைச் சொல்கிறான்.

#5 தாழ்வாரம்

செங்காந்தள் அக்கா, அந்தப் பேச்சு அழகுதான். ஆனால் அந்த நிலத்தை உழுதவனிடம் யாராவது கேட்டார்களா? சார்பிடான் பேசுவது இன்னொரு பிரபுவிடம். பின்னால் நிற்கும் லிசியாக்காரன் என்ன நினைக்கிறான் என்பதையும் சார்பிடானே சொல்லிக்கொள்கிறான்.

#6 மூன்றாம்பெஞ்ச்

அருமையாகப் போகிறது. ஆனால் ஹெக்டர் பெயரை இன்னும் யாருமே எடுக்கவில்லையே? என் வாக்கு அவனுக்குத்தான் என்று இருந்தேன். டிராயின் தளபதி, குடும்பத்துக்காக, ஊருக்காகச் சண்டை போடுகிறவன். தம்பி பாரிஸ் ஹெலனைக் கொண்டுவந்த வேலைக்குத் தான் அடி வாங்குகிறான். தலைக்கவசத்தின் குதிரைமயிர்க் கொண்டையைப் பார்த்துக் குழந்தை மிரண்டு அழுததும் அதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குகிறானே, அந்த ஒரு இடத்துக்கே அவன் பின்னால் போகலாம்.

#7 பழையபேப்பர்

நல்ல தகப்பன், நல்ல புருஷன். தளபதி என்று வரும்போது என்ன செய்தான் என்று பார்ப்போம்.

நீங்கள் சொன்ன அதே 6ஆம் காண்டத்தில், குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் மனைவி ஆண்ட்ரோமகி பேசுகிறாள். அவளுடைய தகப்பனையும் ஏழு சகோதரர்களையும் கொன்றது அக்கிலீஸ். அவள் வெறுமனே அழவில்லை. படையைக் காட்டு அத்தி மரத்தருகே நிறுத்து, அங்கேதான் மதில் ஏற வசதியாக இருக்கிறது, எதிரிகள் ஏற்கெனவே மூன்று தடவை அங்கே முயன்று பார்த்துவிட்டார்கள் என்று இடத்தைக் காட்டிச் சொல்கிறாள். சுவரின் மேல் நின்று பார்த்தவள் தரும் உளவுச் செய்தி அது. ஹெக்டரின் பதில்: கோழைபோலப் பின்வாங்கினால் டிராயின் ஆண்களுக்கும் பெண்களுக்கும் முன்னால் வெட்கக்கேடு. அத்தி மரத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. போய்த் தறியைப் பார் என்கிறான்.

அடுத்தது பாலிடமஸ். ஹெக்டர் பிறந்த அதே இரவில் பிறந்தவன். ஒருவனுக்கு ஈட்டி, மற்றவனுக்கு யோசனை. இரண்டு தடவை அவன் பேச்சைக் கேட்டு ஹெக்டர் பிழைத்தும் இருக்கிறான். 18ஆம் காண்டத்தில் உயிர்த்தோழன் பட்ரோக்ளஸ் இறந்த செய்தி கேட்டு அக்கிலீஸ் அகழி ஓரம் வந்து மூன்று முறை கத்துகிறான். ஆயுதம்கூடக் கையில் இல்லை. அந்தக் குழப்பத்தில் தங்கள் தேர்களிலும் ஈட்டிகளிலும் சிக்கியே டிராயர்கள் 12 பேர் சாகிறார்கள். அன்று சாயங்காலம் கூட்டம் நடக்கிறது. பயத்தில் யாரும் உட்காரவில்லை, நின்றபடியே பேசுகிறார்கள். பாலிடமஸ் சொல்கிறான்: இரவோடு இரவாக நகரத்துக்குள் போய்விடுவோம், காலையில் மதிலின் மேல் நின்று பார்த்துக்கொள்ளலாம், அக்கிலீஸ் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து களைத்துத் திரும்பட்டும்.

ஹெக்டர் மறுக்கிறான். அடைபட்டுக் கிடந்தது போதாதா என்கிறான். போர்த்தெய்வம் பொதுவானது, கொல்ல வந்தவனையும் கொல்லும் என்கிறான். அன்று பகலில் அவன் கப்பல்வரை போய் நெருப்பு வைத்தவன், அந்தப் போதை இறங்கவில்லை. கூட்டம் ஆரவாரம் செய்கிறது. ஹோமர் இடையில் புகுந்து ‘முட்டாள்கள்’ என்கிறார். கெட்ட யோசனைக்குக் கைதட்டல், நல்ல யோசனைக்கு ஒருவன்கூட இல்லை என்று எழுதுகிறார். மறுநாள் ஆற்றங்கரையில் அக்கிலீஸ் டிராயர்களை வெட்டிக் குவித்தது உங்களுக்கே தெரியும்.

22ஆம் காண்டம். எல்லோரும் உள்ளே ஓடிவிட்டார்கள், ஹெக்டர் மட்டும் ஸ்கேயன் வாசலுக்கு வெளியே. மேலே நின்று அப்பாவும் அம்மாவும் கெஞ்சுகிறார்கள். அப்போது தனக்குள் பேசிக்கொள்கிறான்: உள்ளே போனால் முதலில் கேட்கப்போவது பாலிடமஸ். என் அகந்தையால் ஜனங்களை அழித்துவிட்டேன். என்னைவிடத் தாழ்ந்த ஒருவன் ‘ஹெக்டர் தன் பலத்தை நம்பி மக்களைத் தொலைத்தான்’ என்று சொல்லுவான். அதைக் கேட்பதைவிட இங்கேயே சாகலாம்.

அவன் வெளியே நிற்பதை எல்லோரும் வீரத்தின் உச்சம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே போய் ‘ஆமாம், நான் சொன்னது தப்பு, இனி மதிலைக் காப்போம்’ என்று சொல்லியிருந்தால் நகரத்துக்கு ஒரு தளபதி மிஞ்சியிருப்பான். அந்தக் கேள்வியைச் சந்திக்கும் துணிவு அவனிடம் இல்லை. அக்கிலீஸைச் சந்திக்கும் துணிவும் பக்கத்தில் வந்ததும் போய்விடுகிறது, மதிலைச் சுற்றி மூன்று சுற்று ஓடுகிறான்.

#8 மூன்றாம்பெஞ்ச்

கொஞ்சம் கொடூரமாக இருக்கிறது பழையபேப்பர். மனிதன் ஓடக்கூடக் கூடாதா?

#9 வைகைக்கரை

இழைக்குத் தொடர்புள்ள ஒரு தகவல். இந்தக் கிரேக்க வீரயுகப் பாடல்களையும் நம் புறப்பாடல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் ஈழத்துப் பேராசிரியர் கைலாசபதி. பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் செய்த ஆய்வு, 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. பாணர்கள் வாய்மொழியாகப் பாடிய மரபு என்ற கோணத்தில் இரண்டையும் ஒப்பிட்டார். அரசனுக்கும் பாடுபவனுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலில் ஆர்வம் உள்ளவர்கள் தேடிப் படிக்கலாம்.

#10 நெறியாளர்

நல்ல தகவல். புறநானூற்று ஒப்பீட்டுக்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது, அது எங்கே போய் முடிந்தது என்பதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். இங்கே கிரேக்கத்திலேயே நில்லுங்கள்.

#11 கடலோரம்

சரக்குக் கப்பலில் இரண்டாவது ஆபீசராக 12 மணி முதல் 4 மணிவரை காவல்முறை (வாட்ச்) பார்த்தவன் நான். ஒடிசியஸைப் பற்றி நான் எழுதாவிட்டால் யார் எழுதுவது.

முதலில் காற்றுப்பை. காற்றுகளின் காவலன் ஏயோலஸ் எல்லாக் கெட்ட காற்றையும் தோல் பையில் கட்டி வெள்ளிக் கயிற்றால் இறுக்கிக் கொடுத்துவிட்டான். மேல்காற்று மட்டும் வெளியே, நேராக வீட்டுக்குத் தள்ளும் காற்று. ஒன்பது நாள், ஒன்பது இரவு பாய்க்கயிற்றை ஒடிசியஸ் தன் கையிலேயே வைத்திருக்கிறான், வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமாம். பத்தாம் நாள் சொந்த ஊரான இத்தாகா தெரிகிறது, கரையில் தீ மூட்டுகிற ஆட்கள்கூடத் தெரிகிறார்கள். அந்த நேரம் பார்த்து அசந்து தூங்கிவிட்டான். பையில் பொன்னும் வெள்ளியும் இருக்கிறது, நமக்குப் பங்கு தராமல் ஒளிக்கிறான் என்று ஆட்கள் அவிழ்த்தார்கள். புயல் எல்லோரையும் திரும்பவும் கொண்டுபோய்விட்டது.

ஆட்களின் பேராசை என்று பாடம் சொல்வார்கள். நான் கேட்பது: ஒன்பது நாள் வாட்ச் மாற்றாமல் எந்தக் கப்பல் ஓடும்? நான்கு மணிநேரம் வாட்ச், எட்டு மணிநேரம் விடுப்பு என்று வைத்திருப்பதே தூக்கம் யாரையும் விடாது என்பதால்தான். பைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவனும் தொட்டிருக்கமாட்டான். கயிற்றையும் நம்பிக் கொடுக்கவில்லை, விஷயத்தையும் நம்பிச் சொல்லவில்லை.

இரண்டாவது, லெஸ்ட்ரிகோனியர் என்ற அரக்கர்களின் துறைமுகம். இதுதான் எனக்கு ஆறவே இல்லை. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, குறுகிய வாய், உள்ளே அலையே இல்லாத தண்ணீர். எந்த மாலுமிக்கும் ஆசை காட்டும் இடம். மற்ற 11 கப்பலும் உள்ளே போய்ப் பக்கம் பக்கமாகக் கட்டிக்கொண்டன. ஒடிசியஸ் மட்டும் தன் கப்பலை வெளியே, வாய் ஓரத்தில், பாறையில் கயிறு போட்டு நிறுத்துகிறான். அதாவது அவனுக்குச் சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகத்தை மற்ற கப்பல்களுக்குச் சொன்னதாகக் கதையில் ஒரு வரி இல்லை. கதையைச் சொல்வதும் அவனே. சொல்லியிருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பான். அரக்கர்கள் பாறையைப் போட்டுக் கப்பல்களை நொறுக்கி ஆட்களை மீன் குத்துவதுபோலக் குத்திக்கொண்டு போனார்கள். இவன் வாளை உருவிக் கயிற்றை வெட்டிவிட்டு வெளியேறினான். 12 கப்பலில் ஒன்று மிச்சம்.

நல்ல கப்பலோட்டி, சந்தேகமே இல்லை. ஆனால் அவன் கப்பலில் இடம் கிடைக்கவில்லை என்றால் கதை முடிந்தது.

#12 செங்காந்தள்

கடலோரம் அண்ணே, ஸ்கில்லாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு தலைப் பூதம் ஆறு பேரைக் கொண்டுபோகும், தவிர்க்க முடியாது என்று மந்திரக்காரி கிர்க்கி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ஒடிசியஸ் ஆட்களிடம் அதை மறைத்துவிடுகிறான். சொன்னால் துடுப்பைப் போட்டுவிட்டுக் கப்பலுக்குள் பதுங்கிவிடுவார்கள் என்று காரணம். அவர்கள் சாரிப்டிஸ் சுழலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேலே ஆறு பேர் தூக்கப்படுகிறார்கள், கைகால் ஆட்டியபடி கடைசியாக அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கடலில் தான் பட்டதிலெல்லாம் பார்க்கச் சகிக்காதது இதுதான் என்று அவனே சொல்கிறான்.

இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. சொல்லியிருந்தால் ஆறு பேர் போகிற இடத்தில் எல்லோரும் போயிருக்கலாம். ஆனால் ஒற்றைக்கண் பூதமான சைக்ளோப்ஸின் குகை வேறு. பாலாடைக் கட்டியையும் ஆட்டுக்குட்டிகளையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று ஆட்கள் கெஞ்சினார்கள். விருந்தாளிக்குப் பரிசு தருவானா என்று பார்க்க வேண்டும் என்று இவன் உட்கார்ந்தான். ஆறு பேர் போனார்கள். தப்பி வந்த பிறகும் வாய் சும்மா இருக்கவில்லை. கப்பலிலிருந்து தன் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் சொல்லிக் கத்தினான். பெயர் கிடைத்ததால்தான் அந்தப் பூதம் கடல்தெய்வம் போசைடனிடம் சாபம் கேட்க முடிந்தது. புகழாசைதான், வேறொன்றும் இல்லை.

ஒடிசியின் தொடக்கத்தில் கவி, தோழர்களைக் காப்பாற்ற அவன் எவ்வளவோ முயன்றான், அவர்கள் தங்கள் ஆணவத்தால் அழிந்தார்கள், சூரியனின் மாடுகளைத் தின்றார்கள் என்கிறார். 10ஆம் காண்டத்தில் தோழர்களில் ஒருவனான யூரிலோகஸ் எழுந்து, குகையில் செத்தவர்கள் இவனுடைய ஆணவத்தால் செத்தார்கள் என்கிறான். அதே குற்றச்சாட்டு, இந்தத் தடவை தலைவன்மேல். ஒடிசியஸ் வாளை எடுத்து அவன் தலையைச் சீவப் போகிறான், மற்றவர்கள் தடுக்கிறார்கள். யூரிலோகஸ் அவனுக்கு நெருங்கிய உறவும்கூட. பதில் மட்டும் இல்லை.

#13 தாழ்வாரம்

எல்லோரையும் தள்ளுபடி செய்துவிட்டீர்கள். அப்படியானால் ஜேசன்தான் மிச்சம். அலெக்சாண்டிரியாவில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அப்போலோனியஸ் எழுதிய கதை, தங்கக் கம்பளித்தோலைத் தேடி ஆர்கோ கப்பலில் போன ஜேசனின் கதை. அங்கே தலைவனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். ஜேசனே ‘உங்களில் சிறந்தவரைத் தேர்ந்தெடுங்கள்’ என்கிறான். எல்லோரும் ஒரே குரலில் ஹெராக்ளிஸ் என்கிறார்கள். ஹெராக்ளிஸ் உட்கார்ந்த இடத்தில் இருந்தே கையை நீட்டி, எனக்கு வேண்டாம், வேறு யாரும் எழவும் விடமாட்டேன், ஆட்களைச் சேர்த்தவனே நடத்தட்டும் என்கிறான்.

போகிற வழியில் ஹெராக்ளிஸைத் தெரியாமல் மிசியாவில் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். கூட வந்த டெலமான், ஜேசன் வேண்டுமென்றே விட்டான் என்று எல்லோர் முன்னாலும் கத்துகிறான். கடலிலிருந்து ஒரு தெய்வம் எழுந்து உண்மையைச் சொன்னதும் டெலமான் மன்னிப்புக் கேட்கிறான். ஜேசன் சொல்வது: வலித்தது, ஆனால் நீ சண்டை போட்டது ஆடு மாட்டுக்காக இல்லை, ஒரு தோழனுக்காக. எனக்காகவும் ஒருநாள் இப்படிச் சண்டை போடுவாய். முடிந்தது விவகாரம். இதே இடத்தில் அக்கிலீஸை வைத்துப் பாருங்கள், 24 காண்டம் ஓடியிருக்கும்.

#14 பழையபேப்பர்

முடிவெடுக்க வேண்டிய இடத்திலெல்லாம் கையைப் பிசைகிறவன். அவன்மேல் காதல் கொண்ட இளவரசி மெடியா மருந்து கொடுக்காவிட்டால் நெருப்புக் கக்கும் காளைகளிடமே கருகியிருப்பான். அப்புறம் அவளையே நடுவழியில் கைகழுவப் பேரம் பேசுகிறான்.

#15 செங்காந்தள்

அது சரிதான். ஆனால் தாழ்வாரம் அக்கிலீஸைத் தொட்டதால் ஒன்று சொல்லியாக வேண்டும். 23ஆம் காண்டத்தில், பட்ரோக்ளஸின் ஈமப் போட்டிகளில், அவன் வேறு ஆளாக இருக்கிறான். தேர்ப்பந்தயத்தில் நல்ல ஓட்டக்காரன் யூமிலஸ், நுகத்தடி முறிந்து கடைசியில் வருகிறான். பாவம், இரண்டாம் பரிசை அவனுக்குக் கொடுப்போம் என்கிறான் அக்கிலீஸ். இரண்டாவதாக வந்த சின்னப் பையன் ஆண்டிலோகஸ் எழுந்து, அந்தக் குதிரையை விடமாட்டேன், அவன்மேல் இரக்கம் இருந்தால் உன் கூடாரத்திலிருந்து வேறு எடுத்துக்கொடு என்கிறான்.

முதல் காண்டத்துச் சண்டை மறுபடியும் வந்துவிட்டது. ஜெயித்த பரிசைத் தலைவன் எடுத்து இன்னொருவனுக்குக் கொடுக்கிறான், வீரன் மறுக்கிறான். அக்கிலீஸ் என்ன செய்கிறான்? சிரிக்கிறான். கூடாரத்திலிருந்து ஒரு மார்க்கவசத்தை எடுத்துவரச் சொல்லி யூமிலஸுக்குக் கொடுக்கிறான். சின்ன அஜாக்ஸும் இடோமெனியஸும் வாய்ச்சண்டை போடும்போது இவன்தான் எழுந்து உட்காரவைக்கிறான். கடைசியில் ஈட்டிப் போட்டிக்கு அகமெம்னான் எழுந்ததும், ‘நீ எவ்வளவு பெரியவன் என்று எங்களுக்குத் தெரியும்’ என்று எறியாமலேயே முதல் பரிசைக் கையில் கொடுத்து உட்காரவைத்துவிடுகிறான். அந்த மரியாதையில் கொஞ்சம் விஷமம் இருக்கிறதா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

#16 பழையபேப்பர்

அதே 23ஆம் காண்டத்தின் முன்பகுதியில் 12 டிராய் இளைஞர்களைப் பட்ரோக்ளஸின் சிதையில் வெட்டிப் போடுகிறான் அக்கிலீஸ். கவியே அதைக் கெட்ட செயல் என்கிறார். பரிசு பிரித்ததைப் பேசும்போது அதையும் பேசுங்கள்.

தலைமை பற்றிப் பேசினால் 19ஆம் காண்டத்தை எடுங்கள். அக்கிலீஸ் உடனே போருக்குக் கிளம்ப வேண்டும் என்கிறான், நண்பன் செத்துக் கிடக்கும்போது சோறு எதற்கு என்கிறான். ஒடிசியஸ் விடவில்லை. வெறும் வயிற்றோடு பகல் முழுவதும் எவனாலும் சண்டை போட முடியாது, மனதுக்கு ஆசை இருந்தாலும் முழங்கால் மடங்கும், வயிற்றைக் காயப்போட்டுத் துக்கம் காக்க முடியாது, முதலில் எல்லோரும் சாப்பிடட்டும் என்கிறான். அக்கிலீஸ் சாப்பிடவில்லை, அதீனா அவனுக்கு அமுதம் ஊற்றிவிடுகிறாள். ஈட்டிக்காரனுக்கு அமுதம் ஊற்ற யார் வருவார்கள்?

#17 மூன்றாம்பெஞ்ச்

நான் நெஸ்டர் படைக்குப் போகிறேன். 90 கப்பல், பேச்சு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளலாம். போர் முடிந்ததும் ஏதோ விபரீதம் வரப்போகிறது என்று மோப்பம் பிடித்து முதல் ஆளாகக் கப்பலை எடுத்துக்கொண்டு பைலோஸ் போய்ச் சேர்ந்தார். ஒடிசியின் 3ஆம் காண்டத்தில் ஒடிசியஸின் மகன் டெலமாக்கஸ் அங்கே போகும்போது கடற்கரையில் ஒன்பது வரிசை, வரிசைக்கு 500 பேர், ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்பது காளை என்று படையல் நடந்துகொண்டிருக்கிறது.

#18 பழையபேப்பர்

போங்கள். பட்ரோக்ளஸிடம் ‘அக்கிலீஸின் கவசத்தைப் போட்டுக்கொண்டு நீ வா’ என்று யோசனை சொல்லிச் சாக அனுப்பியது நெஸ்டர்தான், அவர் மகன் ஆண்டிலோகஸும் டிராயில்தான் கிடக்கிறான். அப்புறம் 4ஆம் காண்டத்தில் அவருடைய வியூகத்தைப் பார்த்தீர்களா? தேர்கள் முன்னால், நல்ல காலாட்கள் பின்னால், கோழைகள் நடுவில், வேண்டாம் என்றாலும் சண்டை போட்டே ஆக வேண்டும். உங்களை எங்கே நிறுத்துவார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

#19 கடலோரம்

மூன்றாம்பெஞ்ச், ஒடிசியை முடித்தீர்களா? 24ஆம் காண்டத்தில் நான் இவ்வளவு நாளாகக் கேட்க நினைத்ததை ஒருவர் கேட்கிறார். ஒடிசியஸ் திரும்பி வந்து, தன் மனைவி பெனலபியை மணக்கக் காத்திருந்த 108 பேரையும் கொன்றுவிட்டான். அவர்களில் முதலில் செத்த ஆண்டினோஸின் தகப்பன் யூபிதீஸ் ஊர்ச்சபையில் அழுதுகொண்டே எழுகிறார்: கப்பல்களைக் கொண்டுபோனான், கப்பல்களைத் தொலைத்தான். ஆட்களைக் கொண்டுபோனான், ஆட்களைத் தொலைத்தான். திரும்பி வந்து மிச்சமிருந்த நல்ல பிள்ளைகளையும் கொன்றான்.

அவர் மகன் நல்லவன் இல்லை, தெரியும். ஆனால் கேள்வியில் என்ன தப்பு? அந்தச் சபையில் இருந்தவர்களில் பலருக்கு அந்த 12 கப்பலில் போன பிள்ளையோ தம்பியோ இருந்திருப்பான். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆயுதம் எடுக்கிறார்கள். ஒடிசியஸின் அப்பா, கிழவர் லேயர்டீஸ் எறிந்த ஈட்டி யூபிதீஸின் கன்னக் கவசத்தைத் துளைத்துக்கொண்டு போகிறது. அப்புறம் ஜீயஸின் ஏற்பாடு: இறந்த பிள்ளைகளையும் சகோதரர்களையும் மக்கள் மறந்துவிடட்டும், ஒடிசியஸ் ராஜாவாக இருக்கட்டும்.

#20 பழையபேப்பர்

அந்தப் பகுதியைப் பற்றிப் பழைய சண்டை ஒன்று இருக்கிறது. அலெக்சாண்டிரியா நூலகத்துப் பெரிய புலவர்கள், பைசாண்டியத்து அரிஸ்டோபனீஸும் அரிஸ்டார்க்கஸும், ஒடிசி 23ஆம் காண்டம் 296ஆம் அடியோடு முடிகிறது என்று கருதினார்கள். ஒடிசியஸும் பெனலபியும் மறுபடி படுக்கையறைக்குப் போகும் இடம். அதற்குப் பிறகு வருவதெல்லாம் பின்னால் ஒட்டியது என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. நடையும் அங்கங்கே தொய்கிறது என்பது உண்மை.

#21 செங்காந்தள்

தொய்யட்டும். 296இல் நிறுத்தினால் ராஜா ராணியோடு கதவு சாத்திக்கொள்கிறது. 12 கப்பல் எங்கே என்று கேட்க யூபிதீஸ் எழுவதற்கு இடமே இல்லை. ஒட்டியவர் யாராக இருந்தாலும், அந்தச் சபையில் உட்கார்ந்திருந்த யாரையோ அவருக்குத் தெரிந்திருக்கிறது.